சாவி யார் பையில்

பிப். 3, திங்கள்

பனி. ரயில் பேட்டை நிலையத்தைத் தாண்டும்வரை ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வயல். பாதி அறுத்தது, பாதி நிற்பது. பிசானப் பருவத்து நெல் வரத் தொடங்கிவிட்டது. ஆலையில் இனி யாருக்கும் பேச நேரம் இருக்காது.

சேரன்மகாதேவியில் கபீர் பாயின் அரிசி ஆலை. பொங்கலுக்கு முன் ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தேன். இன்று முதல் அதன் தொடர்ச்சி. வாரத்தில் சில நாள் போய் நின்று பார்க்க வேண்டும். எது தங்கியது, எது போயிற்று.

அன்று சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்:
இயந்திரத்துக்குள் கை விடுமுன் மெயின் சுவிட்சை அணை.
சுவிட்சில் உன் பூட்டைப் போடு.
சாவி உன் சட்டைப்பையில்.
வேலை முடிந்ததும் நீயே வந்து திற. வேறு யாரும் அல்ல.

ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு. கல்யாண மண்டபத்தில் வைத்து ஒவ்வொருவராகச் செய்து காட்டினார்கள். முதலில் முடித்தது இசக்கிமுத்து. நெல்லை மாடிக்குத் தூக்கும் இயந்திரம் அவன் பொறுப்பு. “கண்ணை மூடிக்கிட்டுச் செய்யட்டுமா டீச்சர்?” என்று கேட்டான். மூடிக்கொண்டே செய்தான். கைதட்டல். வடை, பாயசம், சான்றிதழ்.

இன்று அந்த இயந்திரத்தின் அடியில் இருக்கும் குழியில் வைக்கோல் அடைத்துக்கொண்டது. இசக்கி சுவிட்சை அணைத்தான். சரி. பூட்டைப் போட்டான். சரி. சாவியை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்து, சுவிட்ச் அறையில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினான்.

“சாவி எங்க இசக்கி?”

“மாமாட்ட இருக்கு டீச்சர்.”

மாமா என்றால் பேச்சிமுத்து அண்ணாச்சி. இயந்திரங்களை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர் கை. இசக்கியின் மனைவியின் அப்பா.

செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்தி வீடு வந்து சேர்ந்தேன். அம்மா: “தலையெல்லாம் என்னட்டி, உமியா?”

பிப். 5, புதன்

பாயிடம் சொன்னேன். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, கோபமே வராத முகம்.

“ஏம்மா, ஒரு நாள் பூரா ஆலையை நிறுத்திச் சொல்லிக் குடுத்தாச்சுல்லா? பெறவும் என்ன?”

ஒரு நாள் கேட்டதை யாராலும் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது, பக்கத்தில் ஒருவர் நின்று எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன்.

“அதான் ஆளுக்கொரு ஆளைப் போட்டிருக்கியே.”

போட்டிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு துணை. தவறினால் அந்த இடத்திலேயே சொல்வதற்கு. இசக்கிக்குப் பேச்சிமுத்து அண்ணாச்சி. அந்த ஜோடி நானே யோசித்துப் போட்டது. சொந்த மருமகனின் கையைவிட வேறு எதை ஒரு மனிதர் அதிகமாகக் கவனிப்பார் என்று நினைத்தேன். அன்று அந்த யோசனையில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

அண்ணாச்சியிடம் கேட்டேன், மாப்பிள்ளை எப்படிச் செய்கிறார்?

“அருமையா செய்யுதாவ.”

“சாவியை உங்ககிட்டத் தந்துட்டு இறங்குறாரே?”

துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். “அவியளுக்குத் தெரியாதா டீச்சர்.”

பிப். 10, திங்கள்

வாசலில் லாரிகள் வரிசை. குழியில் மறுபடி அடைப்பு. இசக்கி இறங்கியிருந்தான். தகர வாளிகள் கோத்த பட்டை ஒன்று குழிக்குள் ஓர் இடுக்கில் ஓடுகிறது. அடைப்பை எடுக்கத் தோள்வரை கையை உள்ளே விட வேண்டும். சுவிட்ச் அறையிலிருந்து குழி தெரியாது. குழியிலிருந்து அறை தெரியாது.

அறைக்குப் போனேன். சுவிட்சில் இசக்கியின் பூட்டு. சாவி சுவரில், ஆணியில். அண்ணாச்சி இல்லை. வெற்றிலை வாங்கப் போயிருக்கிறார்.

லாரி டிரைவர் ஒருவர் உள்ளே வந்தார். “எம்புட்டு நேரம்தாய்யா நிக்க? லைனைப் போடுங்க.” அறையில் ஆளில்லாததைப் பார்த்து, தானே ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றேன். முதுகில் இரும்பு. என்னுடையது அல்லாத ஒரு குரலில்: “கீழ ஆள் இருக்கு.”

“எங்க? நான் பாக்கலியே.”

கெட்டவர் அல்ல. சாவியை என் கையில் வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டு, சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இசக்கி ஏறி வந்தான், தோளெல்லாம் பதர். “என்ன டீச்சர், மொகம் வெளுத்துக் கெடக்கு?”

பாய்க்குத் தெரிந்துவிட்டது. முதல் முறையாக அந்த முகத்தில் கோபம். “இசக்கி, கேட்டுக்கோ. சாவி உம் பையில இல்லாம இன்னொரு தடவ கை உள்ள போச்சுன்னா மெசின் பக்கமே வராத. மூட்டை தூக்கப் போயிரு.”

வெற்றிலைப் பொட்டலத்தோடு அண்ணாச்சி வாசலில். எல்லாம் கேட்டிருக்கிறார். மருமகனைப் பார்க்கவில்லை.

இசக்கியின் மனைவி செல்வி மாசமாக இருக்கிறாள். மூட்டை தூக்குபவனுக்குச் சரக்கு வரும் நாளில்தான் வேலை.

ரயிலில் கண்ணை மூடினால் சாவி. ஆணி.

பிப். 11, செவ்வாய்

எனக்கு முறையில்லாத நாள். போனேன்.

குழாயடியில் இசக்கி கை கழுவிக்கொண்டிருந்தான். கோபம் என் மேல்தான்.

“நீங்க படிச்சவிய. ஒண்ணு கேக்கேன். லைன் போடுத ஆளு எங்க மாமா. அவிய முன்னாலயே பூட்டைப் போட்டு, சாவிய எடுத்து எம் பையில வச்சேன்னா என்ன அர்த்தம்?”

“என்ன அர்த்தம்?”

“நீங்க என்னையக் கொன்னுருவீய மாமான்னு அர்த்தம்.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூட இருவருக்கும் தோன்றவில்லை.

“இந்த வேலையை வாங்கித் தந்ததே அவியதான் டீச்சர். பொண்ணையும் குடுத்து, வேலையும் குடுத்து. அவிய கையில சாவியக் குடுத்துட்டு எறங்குனா அது ஒரு இது. மரியாதை.”

என் பயிற்சியில் படங்கள் இருந்தன. துண்டான விரல்கள்கூட இருந்தன. இதற்கு ஒரு வரி இல்லை.

அவன் மறக்கவில்லை. இது எனக்கு இன்று தெரிந்தது. மண்டபத்தில் மாமா அவனுக்குப் பின்வரிசையில் இருந்தார். இங்கே எதிரில் நிற்கிறார். கற்றது அப்படியே இருக்கிறது, வெளியே வர வழியில்லை.

பிப். 13, வியாழன்

காலை முழுவதும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து அவர்கள் இருவரையும் பார்த்தேன்.

மாமாவும் மருமகனும் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. சண்டை இல்லை. அதுதான் முறை. எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டிலும் அம்மாவைப் பெற்ற தாத்தா அப்பாவிடம் நேராகப் பேசிக் கேட்டதில்லை. ஆலைக்குள் நுழைந்ததும் அதெல்லாம் வாசலில் நின்றுவிடும் என்று எப்படி நினைத்தேன்.

மத்தியானம். இசக்கி மூன்றடி தள்ளி நிற்கிறான். அண்ணாச்சி, மூட்டை தைக்கும் ஜைனம்பு அக்காவிடம்:

“மாப்ள சாப்பிட்டாவளான்னு கேளு.”

ஜைனம்பு அக்கா ஊசியை நிறுத்தாமல்: “ஏன், உமக்கு வாயில்லையா? அந்தா நிக்கான்லா ஒம்ம மாப்ள.”

அண்ணாச்சி சிரிப்பது போல ஒன்று செய்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். இசக்கி சுவரைப் பார்த்து, “சாப்பிட்டாச்சு” என்றான்.

தவறினால் உடனே சொல்ல என்று நான் போட்ட ஆள், ஆலையிலேயே அவனிடம் வாய் திறக்க முடியாத ஒரே ஆள்.

ரயிலில் தனியாகச் சிரித்தேன். எதிரில் இருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

பிப். 16, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. துணி துவைத்தேன். அம்மா அவியல்.

எம்.ஏ. படித்ததில் எது தங்கியது என்று எனக்கே ஒரு சோதனை. தத்துவம், இரண்டு வருடம். எழுதிப் பார்த்தேன். சில பெயர்கள். நூலகத்தின் படிக்கட்டு வாசனை. தேர்வுக்கு முந்தைய நாள் பயம். வாதங்கள் ஒன்றும் முழுதாக இல்லை.

ஒன்று மட்டும் இருக்கிறது. ஒரு பேராசிரியை. வகுப்பில் என்ன சொன்னார் என்பது போய்விட்டது. ஆனால் வராந்தாவில், கேன்டீனில், பஸ் நிறுத்தத்தில், எங்கே பார்த்தாலும் கேட்பார்: “அது உனக்கு எப்படித் தெரியும்?” பதிலுக்கு நிற்க மாட்டார். கேட்டுவிட்டுப் போய்விடுவார். திட்டு இல்லை, சோதனை இல்லை. குடை இருக்கிறதா என்று கேட்பது போல.

இன்றும் எதையாவது உறுதியாகச் சொல்ல வாயெடுத்தால் அந்தக் குரல்.

ஒரு கேள்வி போதுமோ.

பிப். 19, புதன்

துணைகளைக் கலைத்துவிட்டேன். புது விதி, ஒன்றே ஒன்று. யார் யாரைப் பார்த்தாலும் கேட்கலாம்: “சாவி எங்க?” கேட்கப்பட்டவர் பையைத் தட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். வேறு பேச்சு கூடாது. எல்லோரும் எல்லோரையும் கேட்பதால் யாரையும் சந்தேகப்பட்டதாகாது.

முதலில் பெரிய சிரிப்பு. டீக்கடைவரை பரவிவிட்டது. ஜைனம்பு அக்காவுக்கு இயந்திரமும் இல்லை, பூட்டும் இல்லை. ஆனால் கேட்பதில் அவர்தான் முதல். பாய் உள்ளே வரும்போதே:

“மொதலாளி, சாவி எங்க?”

பாய் பையைத் தட்டினார். இன்னொரு பையைத் தட்டினார். சாவி ரோட்டில் நின்ற ஸ்கூட்டரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஓடினார். ஆலையே விசிலடித்தது.

மாலைக்குள் இசக்கியை ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் தட்டினான்.

அண்ணாச்சியும் கேட்கிறார். பாய்லர்காரரை, என்னை, வாட்ச்மேனை. மாப்பிள்ளையை மட்டும் கேட்பதில்லை.

பிப். 24, திங்கள்

என் பிசகு ஒன்று.

காலையில் அடைப்பு. இசக்கி பூட்டி, சாவியைப் பையில் வைத்து இறங்கினான். யாரும் கேட்காமலே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்லதைப் பார்த்தால் அந்த நிமிடமே பாராட்ட வேண்டும் என்றுதானே படித்திருக்கிறேன். எல்லோரும் கேட்கச் சத்தமாக, “பிரமாதம் இசக்கி! இப்படித்தான் இருக்கணும்.”

ஜைனம்பு அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “டீச்சர், வாயை வைக்காதீய, கண்ணு பட்டுரும். மாஷா அல்லான்னு சொல்லிட்டுச் சொல்லுங்க.”

மத்தியானம் அடுத்த அடைப்பு. சாவி மறுபடி மாமா கைக்கே போகப் பார்த்தது. ஜைனம்பு அக்கா போட்ட சத்தத்தில் பாதி வழியில் திரும்பியது.

“ஏன் இசக்கி?”

“காலைல ஊரு கேக்க மெச்சினீயல்லா. மாமா அங்கன நின்னு கேட்டுக்கிட்டிருந்தாவ. எனக்கு வெக்கமா போச்சு.”

மாமாவை நம்பாததற்கு நான் கைதட்டியிருக்கிறேன். அவருக்கு எதிரிலேயே.

இனி பாராட்டு இல்லை. பக்கத்தில் போய் நிற்பது மட்டும். அவன் ஏறி வரும்வரை. ஏறி வந்தால், “டீ குடிக்கியா?”

பிப். 27, வியாழன்

இரண்டாவது டீ வேண்டாம் என்று இசக்கி சொல்லிவிட்டான். ஆனால் குடித்தான்.

கவனித்தது: இப்போதெல்லாம் பூட்டுகிறான். ஆனால் அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூட்டுகிறான். சாவியைப் பையில் போடும் விதம், பெரியவர்களைக் கண்டதும் பீடியை மறைக்கிறவன் மாதிரி. அதே நேரத்தில் அண்ணாச்சி காலண்டரைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார். இருவருக்கும் தெரியும். இருவரும் பார்க்கவில்லை.

அழகாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. மற்றவர்கள் பக்கத்தில் இருக்கும்வரை இது போதும். எல்லோரும் வேலையாக இருக்கும் நேரத்தில் பூட்டைப் பார்க்கக்கூடியவர் அந்த அறையில் இருப்பவர் மட்டுமே. அவர்தான் கேட்பதில்லை.

செல்வி வந்திருந்தாள், சாப்பாட்டுத் தூக்குகள் இரண்டோடு. அப்பாவுக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று. என்னைப் பார்த்து, “வீட்லயும் சாவி எங்கன்னுதான் கேக்காவ. தூக்கத்துல பையைத் தட்டுதாவ டீச்சர்” என்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

இந்த மாதத்தோடு என் முறை முடிகிறது. பாய் அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. ஜைனம்பு அக்கா உதடு காய்ந்து, ஒரு சொல் அதிகமாகப் பேசாமல் தைத்துக்கொண்டிருந்தார். ஆலையில் சிரிப்புக் குறைந்துபோயிற்று. கேள்வியும்.

அறுவடை உச்சம். ரோடுவரை லாரி. நான் வாசலில், எடைபோடுகிற இடத்தில்.

நடந்தது இப்படி. அடைப்பு. லாரிக்காரர்களின் சத்தம். இசக்கி ஓடிவந்து சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே குழிக்குள் குதித்திருக்கிறான். பூட்டே போடவில்லை. அண்ணாச்சி பாய்லர் பக்கம் போயிருந்தார். திரும்பி வந்து பார்க்கிறார்: லைன் நின்றிருக்கிறது, பூட்டு இல்லை. வெளியே எல்லோரும் போடு போடு என்கிறார்கள். கை சுவிட்சுக்குப் போயிருக்கிறது.

போடவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. வெளியே வந்து குழியை எட்டிப் பார்த்திருக்கிறார்.

எனக்குக் கேட்டது அந்தக் குரல்தான். ஆலை முழுக்கக் கேட்டது.

“ஏலே இசக்கி! கைய எடுலே! சாவி எங்கலே?”

எல்லாம் நின்றது. ஜைனம்பு அக்காவின் ஊசி, மூட்டைக்காரர்கள், லாரிக்காரர்கள்கூட. பொண்ணைக் கொடுத்த மாப்பிள்ளை. இத்தனை பேருக்கு முன்னால் ‘லே’.

இசக்கி ஏறி வந்தான். பையைத் தட்டவில்லை. தட்ட ஒன்றுமில்லை. பூட்டும் சாவியும் சுவிட்ச் அறை ஜன்னல் திண்டில் கிடந்தன. அண்ணாச்சி தன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார், கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட சின்னப்பிள்ளை மாதிரி.

பாய் வந்தார். இருவரையும் பார்த்தார். இசக்கி தானே தலையிலிருந்து துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டான். மூட்டைப் பக்கம் போகத் தயாராக.

பாய் அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு:

“மாமனாரு வாயால ‘லே’ வாங்கிட்டான். இதுக்கு மேல நான் என்னத்தத் தண்டிக்க? போங்கடே, வேலையப் பாருங்க.”

மார்ச் 5, புதன்

அண்ணாச்சி வந்தார். கண் சிவந்து. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜைனம்பு அக்கா சொன்னது: நேற்று இரவு செல்வி அப்பாவுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். “எம் புருசன ஊரு கூடி நிக்கையில ஏலேன்னு சொல்லலாமா?” இவர் இன்று காலை பாயிடம் போய்த் தன்னைப் பாய்லருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். பாய், யோசிக்கேன் என்றிருக்கிறார்.

மாற்றினால் அறையில் வேறு ஆள். வெளியூர் ஆளாக இருக்கும். பூட்டில்லாத சுவிட்சைப் பார்த்தால் எட்டிப் பார்ப்பானா?

இன்று இசக்கி ஒவ்வொரு முறையும் பூட்டினான். ஒவ்வொரு முறையும் அண்ணாச்சி அறையைவிட்டு வெளியே போய் நின்றார். பூட்டுகிற ஓசை கேட்ட பிறகே உள்ளே வந்தார்.

இசக்கியிடம் கேட்டேன், மனசு கஷ்டமா?

யோசித்தான். “கஷ்டமில்ல டீச்சர். மாமாவுக்கு அப்பிடி ஒரு சத்தம் இருக்குன்னே தெரியாது.” கொஞ்சம் கழித்து: “கை சுவிச்சுல இருந்துச்சாம்லா. அதைத்தான் ராத்திரி பூரா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். எனக்காக இல்ல. போட்டிருந்தா அவிய என்ன ஆயிருப்பாவ?”

செல்வியிடம் இதைச் சொன்னாயா என்றேன். சொன்னானாம். இரண்டாவது முறை அழுதாளாம், வேறு மாதிரி.

மார்ச் 6, வியாழன்

வெயில். ஆற்றுப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று. பாய் இன்னும் பதில் சொல்லவில்லை.

பதினோரு மணி வாக்கில் அடைப்பு. லைன் நின்றது. லாரிக்காரர்கள் வழக்கம் போல. அண்ணாச்சி வழக்கம் போல அறையைவிட்டு வெளியே நடந்தார்.

இசக்கி பூட்டினான். இம்முறை முதுகைக் காட்டவில்லை. குழியோரம் போய் நின்றான். இறங்கவில்லை.

“மாமா.”

வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்பது போல அவர் நின்றார்.

“மாமா, கேளுங்க.”

ஜைனம்பு அக்கா தையலை நிறுத்தினார். அண்ணாச்சி தரையைப் பார்த்து, “என்னத்தக் கேக்க?”

“அன்னைக்குக் கேட்டீயளே. அதை.”

“வேண்டாம் மாப்ள.”

“நீங்க கேட்டாத்தான் நான் எறங்குவேன். லாரி நிக்கி மாமா.”

வெளியே ஒருவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். வாட்ச்மேன் போய் அவனை ஏதோ சொல்லி நிறுத்தினார்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். மருமகனின் முகத்தை அவர் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார். மெதுவாக, மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டும் கேட்காமலும்:

“சாவி எங்கய்யா?”

இசக்கி சட்டைப்பையைத் தட்டினான். இறங்கினான்.

அண்ணாச்சி அறைக்குள் போகவில்லை. குழியோரம் குத்தவைத்து உட்கார்ந்து, உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.